புதுமை தேடிய அர்ச். எரோணிமுஸ்

செப்டம்பர் மாதம் 30ஆம் நாள் நம் தாயாகிய திருச்சபை அர்ச். எரோணிமுஸ் என்னும் வேதபாரகரின் திருநாளைக் கொண்டாடுகிறது. ஜெரோம் என்றும் அவரைச் சொல்வதுண்டு. அவர் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள்: நரைத்த தாடி, கையில் எழுதுகோல், காலடியில் ஒரு சிங்கம், பக்கத்தில் கர்தினால்மார் அணியும் சிவப்புத் தொப்பி. சிங்கத்தின் கதை ஜெராசிமுஸ் என்ற வேறொரு சந்நியாசியாருடையது; பெயர் ஏறக்குறைய ஒன்றாயிருந்தபடியால் இவரிடம் வந்து சேர்ந்துவிட்டது. சிவப்புத் தொப்பியோ இவர் இறந்து எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னரே ஏற்பட்ட வழக்கம். எழுதுகோல் ஒன்றுதான் மெய்யாகவே அவருடையது.

நம் கத்தோலிக்க மக்கள் வாயில் புதுமை என்றால் அற்புதம் என்று பொருள். அர்ச். அந்தோனியாரின் புதுமைகளை அறியாத வீடு நம்மிடையே இல்லை. எரோணிமுஸ் அத்தகைய புதுமைகளுக்குப் பேர்போனவர் அல்லர். புதிய ஊர், புதிய புத்தகம், புதிய நண்பர், புதிய கல்வி என்று மற்ற அர்த்தத்தில் வரும் புதுமையைத் தம் வாழ்நாளின் முற்பகுதி முழுவதும் அலைந்து தேடியவர் அவர். அப்படிப்பட்டவருக்கு, உலகத்தில் புதிதென்று காட்டத்தக்கது எதுவுமே கிடையாது என்று அடித்துச் சொல்லும் ஒரு வேதாகமப் புத்தகத்துக்கு விரிவுரை எழுத நேர்ந்தது. அது எப்படி நேர்ந்தது, யார் பொருட்டு நேர்ந்தது என்பதை இவ்வாரம் பார்ப்போம்.

அந்தப் புத்தகத்தை முதியோர் சங்கத் திருவுரை ஆகமம் என்னும் பெயரால் அறிவார்கள். இன்று நம் வீடுகளில் இருக்கும் திருவிவிலியத்தில் அதற்குச் சபை உரையாளர் என்று பெயர். பன்னிரண்டே அதிகாரங்கள் கொண்டது. அதில் பேசுகிறவர் தாவீதின் குமாரனும் எருசலேமின் அரசனுமாக வந்து, தாம் அனுபவித்துப் பார்த்தவற்றையெல்லாம் வரிசையாகச் சொல்கிறார். வீடுகள் கட்டினார், திராட்சைத் தோட்டம் வைத்தார், குளங்கள் வெட்டினார், பொன்னும் வெள்ளியும் பாடகரும் பணிவிடைக்காரரும் அவருக்குக் குறைவில்லை. ஒன்று சலித்தால் மற்றொன்று. கடைசியில் அவர் கண்டது, ஆறுகளெல்லாம் வந்து விழுந்தும் நிரம்பாத கடலைப்போல மனிதனுடைய கண்ணும் காதும் எதைக் கொடுத்தாலும் நிறைவதில்லை என்பது. புதிது என்று நாம் துள்ளிக் குதிப்பதை நம் பாட்டன் காலத்திலேயே யாரோ பார்த்துச் சலித்துப் போயிருக்கிறார்; அவரை நாம் மறந்துவிட்டோம், நம்மைப் பின்வருவோர் மறப்பார்கள் என்பது அவர் கருத்து. படித்தால் மனச்சோர்வு உண்டாகும் என்று இந்த ஆகமத்தை ஒதுக்குகிறவர்கள் உண்டு. ஆனால் அதே மனிதர் இடையிடையே சற்று நின்று, உழைத்தவன் தன் உணவை மகிழ்ச்சியோடு உண்பதும், தான் நேசிக்கும் மனைவியோடு வாழ்வதும் சர்வேசுரன் அவனுக்குக் கொடுத்த பங்கு என்றும் சொல்கிறார். இவ்விரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு எரோணிமுஸின் சரித்திரத்துக்கு வருவோம்.

அவர் 347ஆம் ஆண்டளவில் தல்மாசியா நாட்டு எல்லையிலிருந்த ஸ்திரிதோன் என்னும் சிற்றூரில் பிறந்தார். வசதியுள்ள கிறீஸ்தவக் குடும்பம். தகப்பனார் பெயர் எவுசேபியுஸ். அந்த ஊரைப் பிற்காலத்தில் கோத்தர் என்னும் சாதியார் தரைமட்டமாக்கிவிட்டபடியால், அது இருந்த இடம் எது என்று அறிஞர்கள் இன்றுவரை வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். மகன் கெட்டிக்காரன் என்று கண்ட தகப்பனார் அவரை ரோமாபுரிக்குப் படிக்க அனுப்பினார்.

அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் தொனாத்துஸ் என்பவர், அக்காலத்தில் இலக்கணத்துக்கு அவரை மிஞ்சியவர் இல்லை எனப் பெயரெடுத்தவர். ஒருநாள் அவர் தெரென்சியுஸ் என்னும் பழைய நாடகாசிரியரின் ஒரு வரியைப் பாடம் நடத்தினார். இப்போது சொல்லப்படுவதெல்லாம் முன்னமே சொல்லப்பட்டதுதான் என்பது அவ்வரியின் கருத்து. உடனே தொனாத்துஸ், நாம் சொல்ல வேண்டியவற்றை நமக்கு முன்னாலேயே சொல்லிவிட்டுப் போனவர்கள் நாசமாய்ப் போகட்டும் என்று வேடிக்கையாகச் சபித்தாராம். பையன்கள் சிரித்திருப்பார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்றபின், சங்கத் திருவுரை ஆகமத்தின் முதல் அதிகாரத்துக்கு விரிவுரை எழுதும்போது எரோணிமுஸுக்கு அந்த வகுப்பறை நினைவுக்கு வந்தது. அதை அப்படியே எழுதி வைத்தார். அதனால்தான் நமக்கும் அது தெரிகிறது.

ரோமையில் அவர் வாழ்க்கை முழுதும் ஒழுங்காயிருந்ததென்று சொல்வதற்கில்லை. அவரே அதைப் பிற்காலத்தில் மறைக்கவில்லை. ஆயினும் ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு அப்போஸ்தலர்களின் கல்லறைகளையும், வேதசாட்சிகள் அடக்கம் செய்யப்பட்ட பூமிக்கடியிலுள்ள சுரங்கங்களையும் சந்திக்கப் போவார். பட்டப்பகலில் அந்த இருட்டுக்குள் இறங்கித் தடவித் தடவி நடந்ததை முதுமையிலும் அவர் மறக்கவில்லை. ரோமையிலேயே ஞானஸ்நானமும் பெற்றார்.

அதன்பின் அவர் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. சக்கரவர்த்தி தங்கிய திரியர் நகரத்துக்குப் போனார். அரசாங்க உத்தியோகம் கிடைக்கக்கூடிய இடம் அது. அங்கே உத்தியோக ஆசை போய்த் துறவற ஆசை வந்தது. பிறகு இத்தாலியின் வடகிழக்கிலுள்ள அக்குயிலேயாவுக்கு வந்து, ரூபீனுஸ், குரோமாசியுஸ், ஏலியோதோருஸ் முதலிய பக்தியுள்ள நண்பர்களோடு கூடியிருந்தார். அந்தக் கூட்டமும் கலைந்தது. கீழ்நாடுகளுக்குப் புறப்பட்டு அந்தியோக்கியாவை அடைந்தார். வழிநெடுக எதை விட்டாலும் விடுவார், ரோமையில் பெரும் உழைப்பால் சேர்த்த புத்தகங்களை மாத்திரம் விடமாட்டார். உபவாசம் இருப்பார், உபவாசம் முடிந்ததும் சிசெரோவை எடுத்து வாசிப்பார். இராக்காலம் கண்ணீரோடு ஜெபிப்பார். பிறகு பிளாவுத்துஸ் எழுதிய நாடகத்தைக் கையிலெடுப்பார். தீர்க்கதரிசிகளின் புத்தகத்தைத் திறந்தால் அந்த நடை அவருக்குக் கரடுமுரடாகப் பட்டது. பழைய சரக்கு, பட்டிக்காட்டுப் பேச்சு என்று அருவருப்பு.

அந்நிலையில் தபசு காலத்தில் கடுங்காய்ச்சல் கண்டது. சாகப் போகிறார் என்று அடக்கத்துக்கு வேண்டியவைகூட ஏற்பாடாயின. அப்போது ஒரு கனவு கண்டார். நடுவரின் சிங்காசனத்தின் முன் அவரை இழுத்து வந்து நிறுத்தி, நீ யார் என்று கேட்கிறார்கள். கிறீஸ்தவன் என்கிறார். பொய் சொல்லாதே, நீ சிசெரோவின் சீஷன் என்று பதில் வருகிறது, சாட்டையடியும் விழுகிறது. விழித்தபோது தோள் கன்றியிருந்தது என்று எழுதுகிறார். இனி உலகப் புத்தகங்களைத் தொடமாட்டேன் என்று கனவிலேயே சத்தியம் செய்தார். பெத்லேமில் கிழவரான பின் சிறுவர்களுக்கு அதே உலகக் கவிகளைப் பாடம் சொல்லிக்கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு ரூபீனுஸ் அவரைக் குத்திக் காட்டியதும், கனவில் செய்த சத்தியத்துக்கு யார் கணக்குக் கேட்பது என்று இவர் சீறியதும் வேறு கதை.

சிரியா நாட்டில் கால்சிஸ் பாலைவனத்துக்குப் போய்ச் சில ஆண்டுகள் தனிமையில் தவம் செய்தார். உடம்பு வெயிலில் கருகியது. தோழமைக்குத் தேளும் காட்டு மிருகங்களும். ஆனாலும் மனம் மட்டும் ரோமாபுரியின் நாட்டியக்காரிகள் நடுவே திரிந்தது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஊரை மாற்றினார், உணவை மாற்றினார், உடையை மாற்றினார். மனம் மாறாமல் கூடவே வந்தது. இதற்கு என்ன மருந்து என்று தேடியபோது அவர் கண்ட உபாயம் விசித்திரமானது. யூத மதத்திலிருந்து மனந்திரும்பியிருந்த ஒரு சந்நியாசியாரிடம் சிறுபிள்ளையைப்போல் உட்கார்ந்து எபிரேய எழுத்துக்களைக் கற்கத் தொடங்கினார். சிசெரோவின் தேன்போன்ற நடைக்குப் பழகிய நாக்குக்கு அந்தச் சீறலும் மூச்சிரைப்பும் உள்ள சொற்கள் வேப்பங்காயாயிருந்தன. எத்தனையோ முறை வெறுத்து விட்டுவிட்டார், மறுபடி பிடித்தார். அந்தக் கசப்பான விதையிலிருந்து இப்போது இனிய பழம் பறிக்கிறேன் என்று பின்னாளில் ஆண்டவருக்கு நன்றி சொன்னார்.

இங்கே சற்று நிற்கலாம். அவருடைய வாழ்வில் புதுமைப் பசியின் திசை திரும்பியது இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம். பசி தீரவில்லை, அவருக்கு அது சாகும்வரை தீரவில்லை. ஆனால் அதுவரை பரப்பாக ஓடியது இனி ஆழமாகத் தோண்டத் தொடங்கிற்று. நம் குடும்பங்களிலும் பார்க்கிறோம். வாரத்துக்கொரு திருத்தலம், மாதத்துக்கொரு புது நவநாள், கைப்பேசியில் நாளுக்கொரு புதுத் தரிசனச் செய்தி. இவை எல்லாவற்றுக்கும் நேரமிருக்கிறது. வீட்டு ஜெபமாலை மட்டும் பழசாகிப் போய்விட்டது.

பாலைவனத்திலிருந்து திரும்பிய எரோணிமுஸ் அந்தியோக்கியாவில் குருப்பட்டம் பெற்று, கொன்ஸ்தாந்தினோப்பிளில் நசியான்சு நகர் அர்ச். கிரகோரியாரிடம் வேதாகமப் பாடம் கேட்டு, 382ஆம் ஆண்டில் மறுபடி ரோமையை அடைந்தார். தாமாசுஸ் பாப்பரசர் அவரைத் தம் எழுத்தராக வைத்துக்கொண்டார். லத்தீன் மொழியில் சுவிசேஷங்களின் பிரதிகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டுக் குழப்பமாயிருந்ததால், கிரேக்க மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தும் வேலையையும் ஒப்படைத்தார்.

அந்நாட்களில் அவெந்தின் குன்றில் மார்செல்லா என்னும் பெருங்குடிச் சீமாட்டியின் வீட்டில் சில விதவைகளும் கன்னியரும் கூடி ஜெபிப்பதும் வேதாகமம் வாசிப்பதும் வழக்கம். எரோணிமுஸ் அவர்களுக்கு ஆசிரியரானார். மார்செல்லா அம்மாள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல அவரே திணறுவாராம். அந்தக் கூட்டத்தில் பவுலா என்பவர் ரோமையின் மிகப் பழைய வம்சங்களில் ஒன்றைச் சேர்ந்தவர்; கணவரை இழந்தவர்; ஐந்து பிள்ளைகளின் தாய். மூத்த மகள் பெயர் பிளேசில்லா.

பிளேசில்லாவுக்கு மணமாகி ஏழே மாதத்தில் கணவன் இறந்துவிட்டான். இருபது வயதுகூட நிரம்பாத விதவை. பணத்துக்குக் குறைவில்லை. நாளெல்லாம் கண்ணாடி முன் உட்காருவாள். தோழிகள் கூந்தலைச் சீவி முடிப்பார்கள். இன்று ஒரு அலங்காரம், நாளை வேறொன்று. பிறகு காய்ச்சலில் விழுந்து ஏறக்குறைய முப்பது நாள் கிடந்தாள். எழுந்தபோது வேறு பெண்ணாயிருந்தாள். பட்டுப் போயிற்று, எளிய ஆடை வந்தது. கண்ணாடி போயிற்று, சங்கீதப் புத்தகம் வந்தது. கிரேக்கம் பேசினால் லத்தீன் தெரியாதவள் என்று நினைக்கும்படி பேசுவாள்; எபிரேயத்தையும் கற்று, சங்கீதங்களைப் பாடுவதில் தாயோடு போட்டியிட்டாள். எரோணிமுஸ் அவளுக்குச் சங்கத் திருவுரை ஆகமத்தை வாசித்துக் காட்டினார். உலகத்தை அவள் அற்பமாக எண்ணவேண்டும் என்பதே அவர் நோக்கம். அவளோ, நீங்கள் பக்கத்தில் இல்லாதபோதும் நானே படித்துப் புரிந்துகொள்ளும்படி கடினமான இடங்களுக்குச் சுருக்கமாக ஒரு விளக்கம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டாள். அவரும் எழுத உட்கார்ந்தார்.

எழுதத் தொடங்கியபோதே அவள் இறந்துபோனாள். 384ஆம் ஆண்டு. மனந்திரும்பி நான்கு மாதம் ஆகியிருக்கும், வயது இருபது. நோயினால் ஏற்கெனவே மெலிந்திருந்த அவள் கடுமையாக உபவாசம் இருந்திருக்கிறாள். பெருங்குடி வழக்கப்படி பெட்டியின்மேல் பொன்னாடை போர்த்தி எடுத்துச் சென்றார்கள். அது தன் உடையல்ல என்று அவள் வானத்திலிருந்து கூவுவதுபோல எரோணிமுஸுக்குத் தோன்றியது. வழியில் பவுலா அம்மாள் மயங்கி விழுந்தார். கூடியிருந்த சனங்கள் முணுமுணுத்தார்கள்: பெண்ணைப் பட்டினி போட்டே கொன்றுவிட்டார்கள், இந்தச் சந்நியாசிகளை ஊரைவிட்டு ஏன் இன்னும் துரத்தவில்லை, ஏன் கல்லாலெறிந்து ஆற்றில் தள்ளவில்லை என்றார்கள்.

எரோணிமுஸ் பவுலாவுக்கு எழுதிய ஆறுதல் கடிதம் இன்றும் இருக்கிறது. ஆறுதல் கடிதங்களில் இவ்வளவு கண்டிப்பானதை நான் வாசித்ததில்லை. இத்தனை அழுகை விசுவாசிக்கு அடாது என்று பெற்ற தாயைக் கடிந்துகொள்கிறார். லாசரின் கல்லறையருகே சேசுநாதர் தாமே கண்ணீர் விட்டார் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும், அதையும் எழுதுகிறார். அழாதே என்று சொல்ல வந்த நானே அழுகிறேன் என்றும் அதே கடிதத்தில் தம்மை மறந்து எழுதிவிடுகிறார். அந்த ஒரு இடத்துக்காக மற்றதை மன்னிக்கலாம். சனங்கள் சொன்னதில் உண்மை எவ்வளவு என்பதைச் சர்வேசுரன் அறிவார். அவளுக்கு அவர் வாசித்துக் காட்டிய ஆகமம், உலகம் வீண் என்று சொல்வதோடு, அப்பத்தை மகிழ்ச்சியோடு உண் என்றும் சொல்கிறதே; இரண்டாவதை எவ்வளவு அழுத்திச் சொன்னார் என்று கேட்கத் தோன்றுகிறது. ஞானப் புத்தகம் என்றாலும் பாதியை மட்டும் கொடுத்தால் மருந்தின் அளவு மாறிவிடும்.

அவ்வருட டிசம்பரில் தாமாசுஸ் பாப்பரசர் இறந்தார். ஆதரவு போயிற்று, அவர் நாவின் கூர்மையால் சம்பாதித்த பகைவர்கள் ஏராளம். அபாண்டங்கள் பரவின. 385ஆம் ஆண்டு ஆகஸ்டில் கப்பலேறினார். பவுலாவும் மற்றொரு மகள் எயுஸ்தோக்கியமும் பின்னாலேயே புறப்பட்டார்கள். பரிசுத்த பூமியையும் எகிப்தையும் சுற்றிப் பார்த்தபின் 386ஆம் ஆண்டில் பெத்லேமில் குடியேறினார்கள். பவுலா அம்மாளின் செல்வத்தைக் கொண்டு ஆண்களுக்கு ஒரு மடமும், பெண்களுக்கு மடங்களும், யாத்திரிகர்களுக்குச் சத்திரமும் எழும்பின. அதுவரை ஊர் ஊராக அலைந்த மனிதர், மாட்டுக் கொட்டிலில் பிறந்த பாலகனின் ஊரில் முப்பத்து நான்கு ஆண்டுகள் அசையாமல் இருந்தார்.

அங்கே வந்து சில ஆண்டுகளுக்குள் அவர் எடுத்த வேலைகளில் ஒன்று, பிளேசில்லா கேட்ட விளக்கம். ரோமையில் அவளுக்குக் கொடுத்த வாக்கை ஐந்து ஆண்டு கழித்து நிறைவேற்றுகிறேன், அன்று அந்தக் காயத்தால் வாயடைத்துப் போனேன் என்று முன்னுரையில் சொல்லி, தாய்க்கும் தங்கைக்கும் அதை ஒப்படைத்தார். யாருக்கு எழுதினாரோ அவள் வாசிக்கவில்லை.

அந்த விரிவுரையில் அவர் செய்தது ஒரு பழைய சொல்லைத் தோண்டுவது. வீண் என்று நாம் மொழிபெயர்க்கும் சொல்லுக்கு எபிரேயத்தில் நேர்பொருள் புகை, ஆவி, மெல்லிய காற்று என்பதே. வாயால் ஊதினால் ஒரு கணம் தெரிந்து மறையும் மூச்சு. காயினால் கொல்லப்பட்ட ஆபேலின் பெயரும் எபிரேயத்தில் இதே எழுத்துக்கள்தாம். ஆகவே, உலகம் பொல்லாதது என்று இந்த ஆகமம் சொல்லவில்லை; சர்வேசுரன் படைத்தவை நல்லவை என்று ஆதியாகமம் சொன்னதை இது மறுக்குமா என்ற கேள்வியை எரோணிமுஸே எழுப்பி, படைத்தவரோடு ஒப்பிடும்போதுதான் இவை ஒன்றுமில்லை, சூரியன் எழுந்தால் விளக்கு மங்குவதுபோல என்று தீர்க்கிறார். உண்பதும் குடிப்பதும் நல்லது என்று வரும் இடங்களை அவர் ஆண்டவருடைய மெய்யான சரீரத்துக்கும் இரத்தத்துக்கும் பொருத்தி விளக்குகிறார். அந்த விளக்கம் உயர்ந்தது. எனினும் குடும்பஸ்தர்கள் அதன் நேர்பொருளையும் விடவேண்டாம். நாளெல்லாம் உழைத்து வந்து, மனைவி மக்களோடு உட்கார்ந்து, உள்ள சோற்றைச் சண்டையில்லாமல் சாப்பிடுவதும் அந்த ஆகமத்தின்படி தேவ கொடைதான்.

இதற்குப் பிறகு பழைய ஏற்பாட்டை எபிரேய மூலத்திலிருந்தே லத்தீனில் பெயர்க்கும் பெருவேலை. ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் பிடித்தது. யூத ஆசிரியர் ஒருவர் தம்மவருக்குப் பயந்து இரவில் வந்து அவருக்குப் பாடம் சொன்னார். 398ஆம் ஆண்டில் நீண்ட நோயிலிருந்து எழுந்த கையோடு சாலோமோனின் மூன்று புத்தகங்களை மூன்றே நாளில் பெயர்த்து முடித்தார். பிளேசில்லாவின் புத்தகம் அதில் ஒன்று. அதை அவர் அனுப்பியது குரோமாசியுஸுக்கும் ஏலியோதோருஸுக்கும். அக்குயிலேயாவின் பழைய நண்பர்கள், அப்போது மேற்றிராணிமார். எழுதுவோருக்குக் கூலி கொடுத்து இந்த வேலையைத் தாங்கியவர்கள் அவர்களே.

இனித்தான் வேடிக்கை. உலகில் புதிது ஒன்றுமில்லை என்ற ஆகமத்தைப் பெயர்த்தவர்மேல் வந்த குற்றச்சாட்டு, புதுமை புகுத்துகிறார் என்பதே. ஆப்பிரிக்காவில் ஒயேயா என்னும் ஊர்; இன்று லிபியா நாட்டின் திரிப்போலி. அங்கே மேற்றிராணியார் கோவிலில் யோனாஸ் ஆகமத்தை எரோணிமுஸின் மொழிபெயர்ப்பில் வாசித்தார். தீர்க்கதரிசிக்கு நிழல் தந்த செடியின் பெயர் வந்தது. தலைமுறை தலைமுறையாகச் சுரைக்கொடி என்று கேட்டு வந்த சனங்களின் காதில் ஐவிக்கொடி என்று விழுந்தது. கோவிலில் பெருங்கலகம். சனங்களை இழந்துவிடுவோமோ என்று பயந்து மேற்றிராணியார் பழையபடி மாற்ற வேண்டியதாயிற்று. இதை 403ஆம் ஆண்டில் எழுதித் தெரிவித்தவர் வேறு யாருமல்ல, அர்ச். அகுஸ்தீன். புது மொழிபெயர்ப்பால் விசுவாசிகள் இடறுவார்களே என்பது அவர் கவலை. எரோணிமுஸின் பதில் காரசாரமாயிருந்தது. அகன்ற இலையுள்ள, தன் தண்டிலேயே நிற்கும், விரைவாக வளரும் அந்தச் செடிக்கு லத்தீனில் பெயரில்லை. அதனால் ஐவி என்று போட்டேன் என்பது அவர் வாதம். நம் திருவிவிலியத்தில் அந்த இடத்தில் ஆமணக்கு என்றிருக்கிறது. நம் ஊர் வரப்பில் அதைப் பார்க்காதவர் உண்டோ? எரோணிமுஸ் இங்கே பிறந்திருந்தால் ஒரு சண்டை குறைந்திருக்கும்.

சண்டைகளுக்கு அவர் குறை வைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். இளமையின் உயிர்நண்பரான ரூபீனுஸோடு ஓரிகன் என்பவரின் போதனைபற்றி மூண்ட பகை, ரூபீனுஸ் இறந்த பின்னும் அவர் எழுத்தில் ஆறவில்லை. கல்லால் மார்பிலடித்துக்கொள்ளும் அவருடைய படத்தைப் பார்த்த ஒரு பாப்பரசர், அந்தக் கல் மட்டும் கையில் இல்லாவிட்டால் இவரைத் திருச்சபை அர்ச்சியசிஷ்டவராக எண்ணியிராது என்று சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது.

404ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் பவுலா அம்மாள் இறந்தார். தர்மம் செய்தே செல்வமெல்லாம் கரைந்து, எயுஸ்தோக்கியத்துக்குக் கடன்தான் மிஞ்சியது. 410ஆம் ஆண்டில் ரோமாபுரியைக் கோத்தர் பிடித்துக் கொள்ளையிட்டார்கள். மார்செல்லா அம்மாளைப் பொன் எங்கே என்று கேட்டு அடித்தார்கள். இல்லாத பொன்னை எங்கிருந்து எடுப்பார்? சில நாளில் உயிர்விட்டார். ஒரு காலத்தில் மாளிகைகளில் வாழ்ந்தவர்கள் பிச்சைக்காரராகப் பெத்லேம் சத்திரத்து வாசலில் வந்து நின்றார்கள். எசேக்கியேல் ஆகமத்துக்கு எழுதிக்கொண்டிருந்த விரிவுரையை எரோணிமுஸ் நிறுத்திவிட்டார். வேதாகமத்தை இப்போது எழுதுவதைவிடச் செய்வதே முறை என்று, வந்தவர்களுக்கு இடமும் உணவும் தேடுவதில் பகலைச் செலவிட்டார். இராத்திரியில் விளக்கடியில் மறுபடி எழுத்து வேலை. எபிரேய எழுத்து அப்போது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. சகோதரர்கள் வாசிக்க அவர் காதால் கேட்டுச் சொல்லி எழுதுவித்தார்.

416ஆம் ஆண்டில் ஒரு முரட்டுக் கூட்டம் மடங்களில் புகுந்து தீ வைத்தது. அந்தக் கலகத்தில் ஒரு தியாக்கோனார் கொல்லப்பட்டார். எரோணிமுஸ் தப்பினார். இரண்டு மூன்று ஆண்டுக்குள் எயுஸ்தோக்கியமும் போய்ச் சேர்ந்தாள். முப்பது ஆண்டுக்குமேல் கூடவே இருந்தவள்.

அவருடைய லத்தீன் வேதாகமம் வுல்காத்தா என்னும் பெயரோடு மேற்றிசைத் திருச்சபை முழுவதிலும் பரவியது. 1546ஆம் ஆண்டில் திரிதெந்தின் பொதுச்சங்கம் அதை ஆதாரமுள்ள பிரதியாக ஏற்றுக்கொண்டது. ஒயேயாவில் புதுசு என்று கூச்சலிட்டுத் தள்ளியதை, பிறகு வந்தவர்கள் பழசு என்று கட்டிக் காத்தார்கள். 2019ஆம் ஆண்டில் பிரான்சிஸ் பாப்பரசர் இறைவார்த்தை ஞாயிறை ஏற்படுத்திய திருமடலும் எரோணிமுஸ் திருநாளன்றுதான் வெளியாயிற்று.

கடைசி ஆண்டுகளில் அவர் எரேமியாஸ் தீர்க்கதரிசியின் ஆகமத்துக்கு விரிவுரை எழுதிக்கொண்டிருந்தார். சர்வேசுரன் தம் மக்களோடு புதிய உடன்படிக்கை செய்வார் என்று தீர்க்கதரிசி முன்னறிவிக்கும் முப்பத்தொன்றாம் அதிகாரத்தைத் தாண்டி, முப்பத்திரண்டாம் அதிகாரத்தில் எழுத்து நின்றுவிட்டது. 420ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் உயிர்விட்டார். ஆண்டவர் பிறந்த குகைக்கு அருகிலேயே, பவுலாவும் எயுஸ்தோக்கியமும் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.